பொட்டலத்துப் பூனை

பூனையைக் காணவில்லை.

பூப்போலார் தரையில் குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடியில் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். தூசி இருந்தது. பேனா மூடி ஒன்று இருந்தது. கரப்பான் ஒன்று மல்லாந்து கிடந்தது. பூனை இல்லை. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு அடுத்த அலமாரிக்கு அடியிலும் பார்த்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் செத்துப்போன பூனை எழுந்து நடந்து போயிருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பதறுகிற நேரத்தில் அறிவு எங்கே வேலை செய்கிறது?

அருங்காட்சியகத்தில் அவர் உதவிக் காப்பாளர். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எதைத் தூக்கினாலும், யார் தூக்கினாலும், பக்கத்தில் நின்று "பூப்போல எடுங்க, பூப்போல வைங்க" என்று கெஞ்சுவார். மேஜை நாற்காலியை நகர்த்தும்போதுகூடக் கெஞ்சுவார். அதனால் அவருடைய சொந்தப் பெயர் ஊழியர்களுக்கு மறந்தே போய், அவர் பூப்போலார் ஆகிவிட்டார்.

அந்தப் பூப்போலார்தான் இன்று மத்தியானம் பூனை மம்மியைக் கீழே போட்டுவிட்டார்.

அது முழங்கை நீளத்தில் ஒரு துணிப் பொட்டலம். எகிப்தில் அந்தக் காலத்தில் பூனையைப் பதப்படுத்தித் துணியால் சுற்றிக் கோயிலில் காணிக்கையாக வைப்பார்களாம். எந்தக் காலத்திலோ ஊர் சுற்றப் போன ஒரு பணக்காரர் வாங்கிவந்து, வீட்டில் வைக்கப் பயந்து, அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். மேல்முனையில் துணியாலேயே காது வைத்து, மையால் கண்ணும் மூக்கும் எழுதிய ஒரு பூனை முகம். அது எப்போதும் பூப்போலாரையே பார்ப்பதுபோல் இருக்கும். அவரும் அதன் கண்ணைப் பார்க்காமல்தான் தூசி தட்டுவார்.

அதை ஸ்கேனுக்காக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தை விரித்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்கினார். பூப்போலத் தூக்கினார். கொஞ்சம் அழுத்திப் பிடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பூப்போலப் பிடித்ததால் நழுவிவிட்டது.

விழுந்த வேகத்தில் அடிப்பக்கத் தையல் விட்டுப் போய், பொட்டலம் வாயைப் பிளந்தது. நாணல் குச்சி கொஞ்சம் கொட்டியது. காய்ந்த மண்கட்டி உருண்டது. கந்தல் துணி ஒரு பிடி வந்தது. பூப்போலார் விரலை உள்ளே விட்டுத் துழாவினார். வேறு எதுவும் தட்டுப்படவில்லை. எலும்பு இல்லை, பல் இல்லை, வால் இல்லை. அப்போதுதான் படுத்துத் தேட ஆரம்பித்தார்.

தேடிக் களைத்துப்போய் சேமிப்பறைத் தரையிலேயே உட்கார்ந்து யோசித்தார். அவர் படித்தது சுடுமண் பானைகளைப் பற்றி. மம்மியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிற 'பூனை' என்ற ஒரு சொல்தான். பூனை என்று எழுதியிருந்தால் உள்ளே பூனை இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ திருடியிருக்க வேண்டும், அல்லது பூச்சி அரித்துத் தின்றிருக்க வேண்டும். எது நடந்திருந்தாலும் காவல் இருந்தவர் அவர்.

போன வாரம் இயக்குநர் அம்மாள் சொன்னது இப்போது காதில் ஒலித்தது. "ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்கேன் மெஷின் வந்திருக்காம். தொறக்கவே வேண்டாம், உள்ள இருக்கிறதை மயிரிழை விடாம காட்டிடுமாம். மத்த மம்மியெல்லாம் அடுத்த வாரம். அங்க இருக்கிற பேராசிரியர் முதல்ல இந்தப் பூனையை மட்டும் கேட்டிருக்கார்."

எத்தனையோ மம்மி இருக்கிறது. பறவை இருக்கிறது, குட்டி முதலை இருக்கிறது. இந்தப் பூனையை மட்டும் ஏன் குறிப்பிட்டுக் கேட்டார்கள்? அன்றைக்கே அவருக்கு அது உறுத்தியது. இன்று புரிந்துவிட்டது. எங்கேயோ சந்தேகம் வந்திருக்கிறது. தன்னைப் பிடிக்கத்தான் பூனையைக் கேட்டிருக்கிறார்கள்.

இயக்குநர் அம்மாளிடம் நேரே போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த அம்மாள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வர வர அவருடைய குரல் தணிந்துகொண்டே போகும். இவருக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர் ஒரு ஜாடியின் கைப்பிடியை உடைத்துவிட்டார். அம்மாள் காதில் விழாத அளவு மெல்லிய குரலில் இரண்டே வார்த்தை பேசினாராம். மறுநாள் நாற்காலி இருந்தது, அவர் இல்லை. அந்த இரண்டு வார்த்தை என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதுதான் பூப்போலாரை அதிகமாகப் பயமுறுத்தியது.

எப்படியாவது ஸ்கேனைத் தள்ளிப் போட வேண்டும். அவர் போனை எடுத்து, இருமிக்கொண்டே, தனக்குக் கடும் காய்ச்சல் என்றும், நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்றும், இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் நல்லது என்றும் சொன்னார்.

"அடடா. நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றார் அம்மாள் அன்பாக. "டிரைவரை இப்பவே அனுப்பறேன். அவர் பெட்டியை எடுத்துட்டு வந்து என் ரூம்ல வெச்சுடட்டும். நானே கொண்டுபோறேன்."

பூப்போலார் வாய் பிளந்து கிடந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"இல்ல மேடம், காய்ச்சல் விட்டுருச்சு."

"இப்பவா?"

"இப்பதான் மேடம். பேசிக்கிட்டிருக்கும்போதே."

எதிர்முனையில் குரல் ஒரு படி தணிந்தது. "உங்களுக்கு மறுபடி காய்ச்சல் வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். நாளைக்குக் காலைலயே மெஷின் காலியா இருக்காம். எட்டு மணிக்கு வண்டி வரும். பெட்டியோட வாசல்ல நில்லுங்க."

இரண்டு நாள் இருந்த அவகாசம் ஒரு ராத்திரியாகச் சுருங்கிவிட்டது. தன் வாயாலேயே சுருக்கிக்கொண்டதை நினைத்து அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு வழக்கமாகப் பயந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். மனைவிக்குப் போன் போட்டார்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். தவளை முதல் தலைமையாசிரியர் வரை எதற்கும் அஞ்சாதவர். கணவர் பாதி அழுகையோடு சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, நேரே போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றார். அது மட்டும் முடியாது என்று இவர் சொன்னார். அப்படியானால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். அதுவும் முடியாது என்று இவர் சொன்னார். டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"வேற என்னதான் பண்றது? எங்க லேப்ல ஒரு பூனை எலும்புக்கூடு நிக்குது. அதைத் தூக்கி உள்ள போட்டுத் தெச்சுடட்டுமா?"

கிண்டலாகத்தான் கேட்டார். போனில் கணவரின் மூச்சுச் சத்தம் வேகமாகக் கேட்டது.

"என்னங்க, நான் சும்மா சொன்னேன்," என்றார் டீச்சர்.

"எத்தனை மணிக்கு ஸ்கூல் விடும்?" என்றார் பூப்போலார்.

பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் ஒரு பெரிய துணிப்பையோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார். வாசல் காவலாளி அவரை வணக்கம் சொல்லி உள்ளே விட்டார். போகிறவர்களின் பையைத்தான் அங்கே சோதிப்பார்கள், வருகிறவர்களின் பையைத் தொட மாட்டார்கள். அருங்காட்சியகத்துக்குள் எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற திருடன் இன்னும் எந்த ஊரிலும் பிறக்கவில்லை.

சேமிப்பறைக் கதவைத் தாழிட்டுவிட்டுப் பையைப் பிரித்தார்கள். பூனை எலும்புக்கூடு மேஜைமேல் நான்கு காலில் கம்பீரமாக நின்றது. பூப்போலாருக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. ஆனால் அந்த உயிர் அதிக நேரம் தங்கவில்லை.

"கம்பியை எல்லாம் எடுத்தாகணும்," என்றார் டீச்சர். "எலும்புக்கு எலும்பு பித்தளைக் கம்பி கோத்திருக்கு. மெஷின்ல போட்டா பளீர்னு வெள்ளையா தெரியும். அந்தக் காலத்துல பூனைக்குக் கம்பி கட்டினாங்களான்னு கேப்பாங்க."

பூப்போலார் குறடை எடுத்தார். முதுகுத் தண்டுக்குள் ஓடிய தடித்த கம்பியை மெல்ல இழுத்தார். பூனை ஒரு கணம் யோசித்தது. பிறகு கட்டுக் குலைந்து, மேஜை முழுக்கச் சிறுசிறு எலும்பாகச் சிதறியது. சில துண்டுகள் உருண்டு தரைக்குப் போயின. அன்றைக்கு இரண்டாவது முறையாக அவர் டார்ச் விளக்கோடு அலமாரிக்கு அடியில் பூனையைத் தேடினார்.

எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துப் பார்த்தபோது இன்னொரு பயம் பிடித்தது. ஒவ்வோர் எலும்பிலும் வெள்ளைப் பெயின்டால் ஓர் எண் எழுதியிருந்தது. அதுவும் படத்தில் தெரிந்துவிட்டால்? அவர் பிளேடை எடுத்துப் பரபரவென்று சுரண்ட ஆரம்பித்தார். டீச்சர் கை கழுவிவிட்டு வருவதற்குள் சுரண்டி முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பெருமையாக நிமிர்ந்தார்.

"நம்பரை ஏன் சுரண்டினீங்க?"

"தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான்."

"எது எங்க வரணும்னு அந்த நம்பரை வெச்சுத்தாங்க சேக்கணும்."

பூப்போலார் மேஜையைப் பார்த்தார். எல்லா எலும்பும் ஒரே மாதிரி இருந்தது.

அதன்பிறகு டீச்சர்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மண்டை ஓட்டை ஒரு பக்கம் வைத்தார். கழுத்து, முதுகு, விலா என்று கூறு கட்டினார். மம்மிப் பூனை நிற்காது, முன்னங்கால் தொங்க, பின்னங்கால் மடிந்து, கைக்குழந்தையைத் துணியில் சுற்றின மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என்று இயக்குநர் அம்மாள் எப்போதோ சொன்னதைப் பூப்போலார் ஞாபகப்படுத்தினார். அதன்படி மடித்து, கோந்து தடவி, பஞ்சு வைத்து அமுக்கினார்கள். முன்னங்கால் ஒன்று மட்டும் மற்றதைவிட மெலிந்து குட்டையாக இருந்தது.

அது எப்படி என்று அவர் கேட்டார். அது முயலுடையது என்றார் டீச்சர். போன வருஷம் பிள்ளைகள் பூனையின் காலை உடைத்துவிட்டார்கள், லேபிலிருந்த முயல் எலும்புக்கூட்டிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிவிட்டோம் என்றார் சாதாரணமாக.

பூப்போலாருக்குச் சப்தநாடியும் ஒடுங்கியது. "கண்டுபிடிச்சுட்டா?"

"ரெண்டு பரீட்சைக்கு இதையேதான் வெச்சேன். ஒரு புள்ளையும் கண்டுபிடிக்கல."

"அங்க வர்றது புள்ளைங்க இல்லம்மா, பேராசிரியர்."

"அவரும் ஒரு காலத்துல புள்ளையா இருந்தவர்தானே," என்று டீச்சர் பேச்சை முடித்துவிட்டார்.

மண்டை ஓடு தையல் வாய்க்குள் நுழையவில்லை. இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள். வாயை இன்னும் கொஞ்சம் வெட்டினால்தான் நுழையும் என்றார் டீச்சர். தன் கையால் முடியாது என்று சொல்லிவிட்டு இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. அந்தக் காலத்துத் துணி கிழிகிற சத்தம் ஒவ்வொன்றும் அவர் நெஞ்சுக்குள் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது டீச்சர் தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல் பூனையை உள்ளே அடைத்துக்கொண்டிருந்தார்.

"பூப்போலம்மா, பூப்போல."

"நீங்க பூப்போலப் பிடிச்சுத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கு. பேசாம இருங்க."

கந்தலிலிருந்தே நூல் உருவி, அழகாகத் தைத்து முடித்தார். பொட்டலம் பழையபடி ஆகிவிட்டது. முன்பைவிடக் கொஞ்சம் புஷ்டியாகவும் இருந்தது. மையால் எழுதிய முகம் மட்டும் பூப்போலாரை முன்பைவிட முறைத்துப் பார்ப்பதுபோல் அவருக்குப் பட்டது.

மிச்சம் இருந்தது மண்கட்டியும் நாணலும் கந்தலும். அதை இங்கே வைத்திருந்தால் ஆபத்து என்று டீச்சர் அதே துணிப்பையில் வாரிக்கொண்டார். வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன அம்மா இது என்று கேட்டார். தொட்டிச் செடிக்கு மண் என்றார் டீச்சர். பூப்போலார் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காவலாளி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் நசுக்கி, நல்ல மண்ணாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்று விசாரித்து, கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் சொன்னபடியே டீச்சர் அதை மாடி ரோஜாத் தொட்டியில் கொட்டிக் கிளறி, தண்ணீரும் ஊற்றிவிட்டார். இனி யார் வந்து தேடினாலும் கிடைக்காது என்று தைரியம் சொன்னார். பூப்போலாருக்கு அது தைரியமாகப் படவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்தில் இயக்குநர் அம்மாள் வந்து இரண்டு வார்த்தை பேசினார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

காலையில் வண்டி சரியாக எட்டு மணிக்கு வந்தது. அம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தார். இவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வண்டி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியது. பெட்டிக்குள் கடகடவென்று ஒரு சத்தம். கோந்து விட்டுவிட்டது.

பூப்போலார் உடனே பலமாக இருமினார்.

அடுத்த வேகத்தடை வந்தது. மறுபடி கடகட. மறுபடி இருமல். அந்தச் சாலை முழுக்க வேகத்தடையாகவே இருந்தது. டிரைவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"உள்ள பூனை முழிச்சுக்கிச்சா சார்?"

டிரைவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். பூப்போலார் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அம்மாள் திரும்பிப் பார்த்து, காய்ச்சல் இன்னும் விடவில்லை போலிருக்கிறதே என்றார். விட்டுவிட்டது மேடம், இருமல் மட்டும் மிச்சம் என்று சொல்வதற்குள் அடுத்த தடை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தொண்டை கட்டி அவருக்குக் குரலே போய்விட்டது. ஒரு விதத்தில் நல்லது, பேச வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்கேன் அறை குளிராக இருந்தது. நடுவில் பெரிய வளையம் மாதிரி மெஷின், அதற்குள் போய் வருகிற ஒரு நீளப் படுக்கை. மெஷினை இயக்குகிறவள் சின்னப் பெண், சுறுசுறுப்பானவள். பேராசிரியர் வர அரை மணி ஆகும், அதற்குள் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார் என்றாள். ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் இந்த மெஷின் படத்திலேயே பொட்டலத்தைத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டும், பிறகு எல்லாத் துண்டையும் சேர்த்து முழு உருவமாகவும் காட்டும் என்று அம்மாளுக்கு விளக்கினாள். பூப்போலார் வெளுத்துப்போய் நிற்பதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"பயப்படாதீங்க சார். இது சும்மா டெஸ்ட்தான்."

டெஸ்ட் என்றால் யாருக்கு டெஸ்ட்? அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பொட்டலத்தைப் படுக்கையில் வைத்து, பட்டையால் கட்டினாள். வாய்ப் பழக்கத்தில், உள்ளே உலோகம் எதுவும் இல்லையே என்று கேட்டாள். எல்லா நோயாளியிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் பூப்போலாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வால். வாலுக்குள் மெல்லிசாக ஒரு கம்பி ஓடியது. அதை உருவினோமா, உருவவில்லையா? முதுகுக் கம்பியை உருவியது நினைவிருக்கிறது. கால் கம்பி நினைவிருக்கிறது. வால் மட்டும் நினைவிலேயே இல்லை. அவர் 'நிறுத்துங்க' என்று கத்தினார். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

எல்லோரும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். படுக்கை மெல்ல நகர்ந்து பொட்டலத்தை வளையத்துக்குள் கொண்டுபோனது. மெஷின் முனகியது. பூப்போலார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். பூனையை வணங்கினவர்களின் தெய்வத்தையும் பேர் தெரியாமலேயே கூப்பிட்டு வைத்தார். வேலை போனால் மனைவி ஒற்றை ஆளாகக் குடும்பத்தை இழுக்க வேண்டும். அதோடு பள்ளிக்கூடத்துப் பூனைக்கும் அவளேதான் பதில் சொல்ல வேண்டும். அதை நினைத்தபோது பயத்துக்கு நடுவிலும் அவருக்கு அழுகை வந்தது.

"ஐயோ, என்ன அழகு," என்றார் அம்மாள்.

பூப்போலார் ஒரு கண்ணைத் திறந்தார்.

திரையில் பூனை உட்கார்ந்திருந்தது. தலை, கழுத்து, விலா, மடித்த பின்னங்கால், எல்லாம் வெள்ளை வெளேரென்று, ஓர் எலும்பு பாக்கியில்லாமல். அந்தப் பெண் உருவத்தைத் திரையிலேயே மெல்லச் சுற்றிக் காட்டினாள். வால் சுருண்டு வந்தது. கம்பி இல்லை. உருவியிருக்கிறார்கள். முயல் கால் உடம்போடு ஒட்டி அடக்கமாக இருந்தது. வண்டியில் குலுங்கியதில் தலை சற்றுச் சாய்ந்திருந்தது. அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கண்ணாடிக்கு வெளியே நின்று துணியை மட்டும்தான் பார்த்தேன், இன்றைக்குத்தான் பூனையைப் பார்க்கிறேன் என்றார். இந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் மாட்ட வேண்டும், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பிறகு பூப்போலார் பக்கம் திரும்பினார். குரல் தணியவில்லை. உயர்ந்திருந்தது. அந்த அம்மாளுக்கு உரக்கப் பேசவும் வரும் என்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

"ஒரு எலும்புகூட அசையாம எவ்வளவு பத்திரமா பாத்துக்கிட்டிருக்கீங்க. உங்களைப் போய்க் காய்ச்சல் விஷயத்துல சந்தேகப்பட்டுட்டேன். இந்த வாரமே உங்க வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லிடறேன்."

பூப்போலாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதுகுத் தண்டில் குடியிருந்த பயம் சட்டென்று இறங்கிப் போனதுபோல் இருந்தது. முதல் முறையாக அம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்றுகூட யோசித்தார். வீட்டுக்குப் போனதும் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தார்.

மெஷின் பெண் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் படுக்கையில் திருப்பி வைத்து இன்னொரு முறை எடுத்தாள். அதே பூனை வந்தது. மெஷினை அணைத்து, மறுபடி போட்டு, மூன்றாவது முறையும் எடுத்தாள். அப்போதும் அதே பூனைதான். எத்தனை கோணத்தில் அழகாக எடுக்கிறாள் பாருங்கள் என்று அம்மாள் மெச்சிக்கொண்டார். பூப்போலாரும் புன்னகையோடு தலையசைத்தார்.

அவள் நகத்தைக் கடித்தபடி போனை எடுத்து, மெஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினியரைக் கூப்பிட்டாள்.

"சார், நீங்க வந்து இந்த மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. முந்தின டைரக்டர் காலத்துல பேராசிரியர் பழைய மெஷின்ல பாத்து உள்ள வெறும் மண்ணும் குச்சியும்தான்னு உறுதி பண்ணின பொட்டலத்தையே, மியூசியத்துல காரணம் சொல்லாம கேட்டு வாங்கி டெஸ்டுக்கு வெச்சா, முழுசா ஒரு பூனையைக் காட்டுது."